கல்லா மேஜையில் இரையும் லேப்டாப்

1-7-2017 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபின் நம்மில் பலரது கடைகளில் பேரேட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் இடம் பிடித்துவிட்டது. அதன் விசிறி ஓயாமல் இரைகிறது என்று குந்தா பகுதிக் கடைக்காரர்கள் எங்களிடம் குறைப்படுவதுண்டு. மஞ்சூர் குளிரில் நமக்கே கம்பளி தேவைப்படும்போது இயந்திரத்துக்கு ஏன் இத்தனை சூடு?

சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, கடலோரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். ஆயினும் நமது குளிர் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். எனவே நாள் முழுதும் இரைந்தால் வேறு காரணம் உண்டு.

முதலாவது, வைக்கும் இடம். பலவற்றில் காற்று வாங்கும் துளைகள் அடிப்பக்கம் உள்ளன. சாக்கு, துண்டு, பில் புத்தகம் ஆகியவற்றின் மேல் வைத்தால் அவை அடைபடும். வெறும் பலகைமேல் வையுங்கள்.

இரண்டாவது, உள்ளே ஓடும் வேலை. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'சி.பி.யு.' தலைப்பைத் தட்டினால் அதிகம் உழைப்பது எதுவெனத் தெரியும். அப்டேட் என்றால் முடியும்வரை பொறுக்கலாம். இன்னதென்று தெரியாத ஒன்று விடாமல் ஓடினால் வைரஸ் சோதனை அவசியம்.

மூன்றாவது, தூசி. மைதா, மிளகாய்த்தூள், தேயிலைத் தூசி யாவும் மலை ஈரத்தோடு சேர்ந்து உள்ளே படியும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போகும். ஆண்டுக்கொரு முறை பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் துப்புரவு செய்யலாம். சில வருடம் ஆனதெனில் காய்ந்த வெப்பப் பசையையும் மாற்றச் சொல்லுங்கள். 'கரகர' சத்தம் வந்தால் விசிறி தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றினால் போதும். அடிப்பாகம் உப்பியிருந்தால் பேட்டரி கெட்டிருக்கக்கூடும். சார்ஜ் போடாமல் உடனே நிறுத்திவிட வேண்டும்.

இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம், நஷ்டத்தைப் பொறுக்க முடியாது. சூடு மிகுந்தால் இயந்திரம் முதலில் மந்தமாகும், பிறகு தானாகவே அணைந்துவிடும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 போடத் தவறினால், அவரிடம் சரக்கெடுத்த சில்லறை வியாபாரியின் அந்த மாத வரி வரவு தள்ளிப்போகும். ஒரு கடையின் தாமதம் அடுத்த கடையின் கைமுதலை முடக்குகிறது.

ஆகவே விசிறியைக் கவனியுங்கள். கடை அடைக்குமுன் அன்றைய கணக்கைப் பென் டிரைவில் நகலெடுத்து, அதைக் கல்லாச் சாவியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.