துருவைத் திருப்பும் மின்சாரம்

செஞ்சியில் ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சிக்கு மூச்சு வாங்க ஏறியவர்கள், அங்கே ஒரு பழைய பீரங்கியைப் பார்த்திருப்பார்கள். 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில், தமிழ்நாட்டைச் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. அதன் கல் மதில்கள் மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சுவதில்லை. ஆனால் உலோகப் பொருள்களின் நிலை என்ன?

தாதுவிலிருந்து நாம் பாடுபட்டுப் பிரித்தெடுத்த இரும்பு, காற்றும் ஈரமும் பட்டு மீண்டும் தாது போலாகிவிடுவதே துருப்பிடித்தல். அப்போது இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. இழந்த எலெக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? ஓரளவு முடியும். அதற்கு உதவுவதே மின்னாற்பகுப்பு.

ஒரு தொட்டி நீரில் சிறிதளவு சலவைச் சோடாவைக் கரைக்கிறோம். சோடா அயனிகளாகப் பிரிந்து, கரைசல் மின்சாரத்தைக் கடத்துகிறது. துருப்பிடித்த பொருளை மின்கலத்தின் எதிர்முனையுடனும், ஓர் இரும்புத் தகட்டை நேர்முனையுடனும் இணைத்துக் கரைசலில் அமிழ்த்துகிறோம். இனி பொருளே எதிர்மின்வாய், தகடு நேர்மின்வாய்.

மின்சாரம் பாய்ந்ததும் மூன்று வேலைகள் நடக்கின்றன. எதிர்மின்வாயில் வந்து சேரும் எலெக்ட்ரான்களால் துருவின் ஒரு பகுதி, கெட்டியான கரிய ஆக்சைடாக மாறுகிறது. அங்கே கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் மேற்புற அழுக்கைத் தளர்த்துகின்றன. துருவுக்குள் ஒளிந்திருக்கும் குளோரைடு அயனிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே அவை பொருளை விட்டு நேர்மின்வாயை நோக்கி நகர்கின்றன. இந்த மூன்றாவது வேலையே மிக முக்கியமானது. குளோரைடு உள்ளே தங்கினால், துடைத்து மெருகிட்ட பொருளும் மீண்டும் அரிக்கப்படும்.

வெண்கலத்துக்கும் இதே பகை உண்டு. மண்ணில் நெடுங்காலம் புதைந்த சிலையில் செம்பின் குளோரைடு சேர்கிறது. ஈரக்காற்றுப் பட்டதும் அது வெளிர்பச்சைத் தூளாக மாறி, அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. ‘வெண்கல நோய்’ என்று இதனை அழைப்பது எவ்வளவு பொருத்தம்!

இந்நோய்க்கு மருந்து தேடியே, 1930-இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கே வேதியியலாளராகப் பணியாற்றிய எஸ். பரமசிவன், செப்புத் திருமேனிகளுக்கு மின்னாற்பகுப்புச் சிகிச்சை அளித்தார்.

ஆயினும் இம்மருந்து எல்லாருக்கும் ஏற்றதன்று. உலோகம் முழுவதும் களிம்பாகவே மாறிவிட்ட சிலையில், புருவமும் நகையும் அந்தக் களிம்பில்தான் நிற்கின்றன. குமிழிகள் அதைப் பெயர்த்துவிட்டால் சிலையின் முகமே போய்விடும். அதனால்தான் உள்ளே உலோகம் எஞ்சியுள்ளதா என்று எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். தீங்கு செய்யாத பச்சைப் படலத்தை அப்படியே விட்டுவிடுவதும் இன்றைய வழக்கம்.

இதே தத்துவந்தான் தொழிற்சாலையிலும் பயன்படுகிறது. மேட்டூரில் உப்புக்கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். மின்வேதியியலுக்கென்றே ஒரு மத்திய ஆய்வு நிறுவனம் 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்டது.

வீட்டில் செய்து பார்க்க ஆசையா? பாட்டியின் குத்துவிளக்கை விட்டுவிடுங்கள். துருப்பிடித்த ஆணி ஒன்று போதும். மின்கலத்தையே பயன்படுத்துங்கள், வீட்டு மின்சாரத்தைத் தொடவே கூடாது. சோடாவுக்குப் பதில் உப்பைப் போடாதீர்கள். நச்சுவாயுவான குளோரின் கிளம்பும். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால், திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஏறத்தாழ 420 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் வெளியாகும். ஆகவே காற்றோட்டமான இடம் தேவை. அருகில் நெருப்பு ஆகாது.

ஒன்றை மறக்க வேண்டாம். மின்சாரம் அரிப்பை நிறுத்தலாம். கரைந்து போன உலோகத்தை அது மீண்டும் தராது. அடுத்த முறை ராஜகிரி ஏறும்போது, அந்தப் பீரங்கியைச் சுரண்டிப் பெயர் எழுதாமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் சிகிச்சை.