தக்காளிப் பழம் இளகுவதேன்?

வன்னியில் கிணற்று நீரையும் குளத்து நீரையும் கொண்டு தக்காளி செய்கைபண்ணும் கமக்காரர் பலர். காலையில் இறுக்கமாயிருந்த பழம் தம்புள்ளைச் சந்தையை அடையுமுன் இளகி நீர் கசியுமாயின், அப்போகத்தின் உழைப்பே வீணாகும். இதன் காரணத்தை அறிந்தால் நட்டத்தைக் குறைத்தல் கூடும்.

பழம் நுண்ணிய கலங்களாலானது. செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல, கலங்களைப் பெக்ரின் என்னும் பொருள் பிணைத்து நிற்கின்றது. காய் முற்றியதும் எதிலீன் என்னும் வாயு அதனுள் மிகுதியாக உண்டாகும். அதன் ஏவலால் நொதியங்கள் தோன்றும். நொதியம் என்பது உயிர்க்கலங்களில் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதமாகும். ஒரு நொதியம் பெக்ரினை இளக்கத்துக்கு ஏற்றதாக்க, பொலிகலக்ரூரோனேசு, பெக்ரேற்று இலையேசு என்பன அதன் நீண்ட சங்கிலியைத் துண்டிக்கும். சாந்து கரைந்த சுவர்போலப் பழம் தளரும்.

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் பொலிகலக்ரூரோனேசு குறைக்கப்பட்ட தக்காளியினம் ஒன்று விற்பனைக்கு வந்தது. ஆயினும் எதிர்பார்த்த இறுக்கம் கிட்டவில்லை. சில ஆண்டுகளில் அவ்வினம் சந்தையைவிட்டு நீங்கிற்று. 2016இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் பெக்ரேற்று இலையேசை அடக்கியபோது பழம் நெடுநாள் இறுக்கமாயிருந்தது. எனவே இளக்கம் ஒரு நொதியத்தின் வேலையன்று என்பது தெளிவு.

வெப்பநிலை 30 பாகை சதமவளவைக்கு மேல் நீடிப்பின், செந்நிறம் தரும் இலைக்கோபீன் நன்கு உண்டாகாது. பழம் மஞ்சளாகவே நிற்கும். வெயிற்காலத்தில் முழுச் சிவப்பை எதிர்பார்த்துச் செடியில் விட்டுவைத்தல் நன்றன்று.

ஆதலாற் கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. தூரச் சந்தைக்கு, காயின் நுனியில் நிறம் படரத் தொடங்கும்போதே பறித்தல் வேண்டும். அயற்சந்தைக்குச் சிவந்தபின் பறிக்கலாம்.

2. பனி உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் பறித்து உடனே நிழலில் வைக்க. சூடு நொதியங்களின் வேலையை விரைவாக்கும்.

3. காயம்பட்ட பழம் எதிலீனை மிகுதியாக வெளிவிடும். வெடித்தவற்றையும் கனிந்தவற்றையும் தெரிந்து நீக்குக.

4. சாக்கில் திணியாது, காற்றோட்டமுள்ள பெட்டிகளில் ஆழமின்றி அடுக்குக.

5. பழுத்த வாழைக்குலையை அருகில் வையாதீர்கள். அதன் எதிலீன் தக்காளியையும் பழுக்கவைக்கும்.

6. பச்சைக்காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் ஆகாது. 10 பாகைக்குக் கீழ் அது கேடுற்றுப் பின் செவ்வையாகப் பழாது.

நொதியத்தின் வேலையை முற்றாய் நிறுத்த இயலாது, தாமதிக்கச்செய்தல் இயலும். அத்தாமதமே சந்தையில் நல்ல விலையைப் பெற்றுத்தரும்.