தொட்டித் தண்ணீரின் சூடு எங்கே போகிறது?

ஜெர்மனியில் பழைய அடுக்ககம் ஒன்றின் குளியலறையைப் புதுப்பிக்க இறங்குகிறவர், டைல்ஸின் நிறத்தை முடிவு செய்வதற்கு முன்பே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்: குளியல் தொட்டி எஃகா, அக்ரிலிக்கா? கடைக்காரர், பிளம்பர், பக்கத்து வீட்டுக்காரர், யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான். எஃகுத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் ஆறிவிடும். பிளாஸ்டிக் சூட்டைப் பிடித்து வைக்கும்.

இந்தப் பதிலுக்குப் பின்னால் உண்மையான எண் ஒன்று இருக்கிறது. சாதாரண எஃகின் வெப்பக் கடத்தல் திறன், மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 50 வாட். அக்ரிலிக்குக்கு 0.2 தான். 250 மடங்கு வித்தியாசம்! இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் முடிவெடுத்துவிடுகிறார்கள். நான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

150 லிட்டர் தண்ணீர், 40 டிகிரி சூடு, அறையில் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சூடு பெரும்பாலும் மேல்வழியாகவே போகிறது. நீர்ப்பரப்பு முக்கால் சதுர மீட்டர் இருந்தால், ஆவியாதலும் வெப்பக் கதிர்வீச்சும் காற்றின் அசைவும் சேர்ந்து ஏறக்குறைய 500 வாட்டை எடுத்துக்கொண்டு போகும். தொட்டி எதனால் செய்யப்பட்டது என்பதற்கும் இந்த இழப்புக்கும் சம்பந்தமே இல்லை.

மீதி பக்கச் சுவர் வழியாகப் போகிறது. இங்கேதான் அந்த 250 மடங்கு வேலை செய்ய வேண்டும், செய்வதில்லை. சுவரைக் கடந்த சூடு, தொட்டிக்கு வெளியே அசையாமல் நிற்கும் காற்றில் இறங்கியாக வேண்டும். காற்றோ அதை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். வழியில் உண்மையான தடை அந்தக் காற்றுதான். எஃகாக இருந்தாலும் அக்ரிலிக்காக இருந்தாலும் தொட்டிச் சுவர் அதோடு ஒப்பிட்டால் சின்னத் தடை. என் கணக்கில், எஃகுத் தொட்டியின் பக்கங்கள் 225 வாட் இழந்தால், 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் 190 வாட் இழக்கும். அரை மணி நேரக் குளியலில் இதனால் வரும் வேறுபாடு 0.1 டிகிரி. உடம்புக்குத் தெரியாது.

குளிர்ந்த தொட்டியைச் சூடாக்கவே தண்ணீரின் சூடு கொஞ்சம் செலவாகுமே என்று கேட்கலாம். ஆகும். 40 கிலோ எடையுள்ள எஃகுத் தொட்டி அதற்காகத் தண்ணீரின் வெப்பநிலையில் அரை டிகிரியைக் குறைக்கும். 20 கிலோ அக்ரிலிக் தொட்டி முழுதும் சூடேறினால் அதைவிடச் சற்று அதிகமாகவே குறைக்கும், ஏனென்றால் ஒரு கிலோ அக்ரிலிக்கைச் சூடாக்க ஒரு கிலோ எஃகைப் போல மூன்று மடங்கு வெப்பம் வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பழைய வார்ப்பிரும்புத் தொட்டிகள் ஒன்றரை டிகிரிவரை விழுங்கின. எஃகுத் தொட்டியின் கெட்ட பெயரில் பாதி அவற்றிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

மறுபாதி நம் தோலிலிருந்து வருகிறது. காலியாக இருக்கும் 20 டிகிரித் தொட்டியில் கை வைத்தால், அக்ரிலிக்கில் தொடும் இடம் நொடியில் 28 டிகிரிக்கு வந்துவிடும். எஃகில் 21-லேயே நிற்கும். எஃகின் மேலுள்ள மெல்லிய எனாமல் பூச்சால் இதைத் தடுக்க முடியாது. ஆகவே ‘சில்’லென்று இருப்பது உண்மை. ஆனால் தண்ணீர் நிரம்பியதும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தகடு விறுவிறுவென்று சூடேறிவிடும். பிறகு குளிர்வது நீர்மட்டத்துக்கு மேலே உள்ள விளிம்பு மட்டும்தான். ஜெர்மனியில் தொட்டியை வடிவாக வெட்டிய தெர்மாகோல் கட்டைக்குள் இறக்கிவைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி வைத்தால் பக்கவழி இழப்பும் பெரும்பகுதி நின்றுவிடும். இரண்டு தொட்டிக்கும் உள்ள அந்தச் சிறு வித்தியாசமும் மறைந்துவிடும்.

சூட்டை விட்டுவிட்டால், தேர்வைத் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள் மேலே வருகின்றன. எஃகுத் தொட்டியில் நாம் தொடுவது எஃகை அல்ல, கண்ணாடியை. பொடித்த கண்ணாடியைத் தண்ணீரில் குழைத்துத் தகட்டில் தெளித்து, 800 டிகிரிக்கு மேல் உலையில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். கண்ணாடி இரும்பில் சும்மா ஒட்டாது. அடிப்பூச்சில் கலக்கும் கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள்தான் இரண்டையும் பிணைக்கின்றன. வெண்மை, மேற்பூச்சிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு தருவது. பாட்டி வீட்டு எனாமல் தட்டின் விளிம்பு உடைந்த இடத்தில் தெரியும் கருப்பு, பெரும்பாலும் அந்த அடிப்பூச்சின் நிறம். துரு பிறகுதான் வரும்.

ஆறும்போது எஃகு எனாமலைவிட அதிகமாகச் சுருங்கும். அதனால் மேலுள்ள கண்ணாடி எப்போதும் நெரிபட்ட நிலையிலேயே இருக்கும். கண்ணாடி இழுவையில் உடையும், அழுத்தத்தைத் தாங்கும். எனாமலின் உறுதியே இந்த நெரிசலில் இருக்கிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஹைட்ரஜன் சமாசாரம். உலைச்சூட்டில் ஈரமும் இரும்பும் வினைபுரிந்து உண்டாகும் ஹைட்ரஜன், சூடான எஃகுக்குள் கரைந்துவிடும். எஃகு ஆறியதும் உள்ளே இருக்க இடம் போதாமல் வெளியே வரத் துடிக்கும். சில நாள் கழித்துக்கூட எனாமலை மீன் செதில் போலத் தெறிக்கவைக்கும். அதனால் எனாமலுக்கென்றே, ஹைட்ரஜன் ஒளிந்துகொள்ள நுண்ணிய பொந்துகள் உள்ள எஃகைத் தயாரிக்கிறார்கள்.

அக்ரிலிக்கின் கதை டார்ம்ஷ்டாட் நகரோடு பின்னியது. வேதியியலாளர் ஓட்டோ ரோம் 1901-இல் அக்ரிலிக் சேர்மங்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். 1933-இல் அந்நகரில் இயங்கிய அவருடைய நிறுவனம் ‘பிளெக்சிகிளாஸ்’ என்ற பெயரைப் பதிவு செய்தது. தொட்டி செய்ய அக்ரிலிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, வெற்றிடத்தால் அச்சில் உறிஞ்சி வடிவெடுக்கிறார்கள். மூலைகளில் தகடு இழுபட்டு மெலியும். அதனால் பின்புறம் பிசினும் கண்ணாடி இழையும் பூசி வலுவூட்டுகிறார்கள். கீறல் எளிதில் விழும். ஆனால் நிறம் உள்வரை ஓடுவதால் மெருகேற்றிச் சரிசெய்துவிடலாம். எனாமல் சில்லு பெயர்ந்தால் வீட்டிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை. நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோன் எனாமலை ஒன்றும் செய்யாது. அக்ரிலிக்கில் ஒரு சொட்டு விழுந்தாலும் தழும்புதான்.

பிளம்பரோடு பேச வேண்டிய விஷயம் விரிவடைதல். 1.7 மீட்டர் நீளத் தொட்டி 20 டிகிரி சூடேறினால் எஃகு 0.4 மில்லிமீட்டர் நீளும். வலுவூட்டாத அக்ரிலிக் 2.4 மில்லிமீட்டர் நீளும். தண்ணீரும் ஆளுமாக 200 கிலோவுக்கு மேல் ஏறும்போது அது தாழவும் செய்யும். சுவரோரச் சிலிக்கான் ஓராண்டில் பிளந்து டைல்ஸுக்குப் பின்னால் நீர் கசிவது பல வீடுகளில் இதனால்தான். தொட்டியை நிரப்பிவைத்து, அது தாழ்ந்து நிற்கும்போதே சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். எஃகுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் குழாயைத் திறந்தால் தகரம்போல் சத்தம் போடும். அடியில் அதிர்வடக்கும் பட்டைகளை ஒட்டித் தரச் சொல்ல வேண்டும்.

கழித்துப்போடும் நாளையும் நினைக்கிறேன். எஃகுத் தொட்டி பழைய இரும்போடு உலைக்குப் போகும். எனாமல் கசடாகப் பிரிந்துவிடும். தூய அக்ரிலிக்கைச் சூட்டில் மூலப்பொருளாகவே திரும்பப் பிரிக்க முடியும். ஆனால் கண்ணாடி இழையும் பிசினும் ஒட்டிய தொட்டியில் அந்த வாய்ப்பு அநேகமாகப் போய்விடுகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

நீண்டகாலம் குடியிருக்கப்போகிற வீட்டுக்கு, 3.5 மில்லிமீட்டர் தகட்டில் செய்த எஃகுத் தொட்டியைத் தெர்மாகோல் கட்டைக்குள் பதிக்கச் சொல்வேன். லிஃப்ட் இல்லாத நான்காம் மாடிக்கும், உட்கார்ந்து குளிக்க வேண்டிய முதியவருக்கான தனி வடிவங்களுக்கும் அக்ரிலிக்தான் சரி. அப்படி வாங்கும்போது வடிகால் துளையின் வெட்டு விளிம்பைக் கவனமாகப் பாருங்கள். அக்ரிலிக் என்று விற்கும் மலிவான சிலவற்றில், மேலே மெல்லிய அக்ரிலிக் படலமும் அடியில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குமாக இரண்டு அடுக்கு தெரியும். அந்தப் படலம் தேய்ந்த பிறகு மெருகேற்ற எதுவும் மிச்சமிருக்காது.