முழங்கை மடக்கி எறிந்தவர்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் மாலை வேளையில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்கள் ஒரு பிழையை மட்டும் பொறுப்பதில்லை. பந்து வீசுபவன் முழங்கையை மடக்கி எறிந்தால் களம் முழுவதும் கூச்சல் எழும். கிரிக்கெட்டில் குற்றமாகிய அந்த எறிதலே, பேஸ்பால் ஆட்டத்தில் ஊதியம் பெறும் தொழில். பந்தெறிபவரை அங்கே பிட்சர் என்பர். அவர் 18.44 மீட்டர் தொலைவில் நிற்கும் மட்டையாளரை நோக்கி, பந்து தரையில் படாதவாறு எறிதல் வேண்டும்.

அத்தொழிலுக்கு அமெரிக்கா சென்றவர் உத்தரப்பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தைச் சேர்ந்த ரிங்கு சிங். (இன்று கிரிக்கெட்டில் புகழ்பெற்றுள்ள ரிங்கு சிங் வேறொருவர்.) இவர் லாரி ஓட்டுநரின் மகன், இடக்கையர், ஈட்டி எறிதலில் பயின்றவர். அமெரிக்க முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டீன் இந்தியாவில் நடத்திய 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்னும் போட்டியில், 2008ஆம் ஆண்டு ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில் எறிந்து 1,00,000 டாலர் பரிசு பெற்றார். அடுத்து நின்ற தினேஷ் படேலும் ஈட்டி எறிபவரே. நேர்க்கையால் வீசிப் பழகியவர்களைவிட, தோளையும் முழங்கையையும் சாட்டைபோல் சுழற்றப் பழகியவர்களுக்கு இவ்வாட்டம் இணங்கி வந்தது வியப்பன்று.

இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பயிற்சி பெற்றனர். ஆட்டமும் புதிது, ஆங்கிலமும் புதிது. அவ்வாண்டு நவம்பர் 24ஆம் நாள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்னும் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2014இல் ஏ. ஆர். ரகுமான் இசையில் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படம் ஏறக்குறைய இவ்விடத்தில் நிறைவுறுகிறது. உண்மையில் உழைப்பு தொடங்கியதே இதற்குப் பின்னர்தான்.

ஏனெனில், ஒப்பந்தம் பெற்றவுடன் ஒருவர் முதன்மை அணியில் ஆடிவிட இயலாது. அதன்கீழ் 'மைனர் லீக்' என்னும் சிற்றணிகள் படிக்கட்டுப்போல் அமைந்துள்ளன. சிற்றூர்களின் மைதானங்கள், நெடும் பேருந்துப் பயணம், குறைந்த ஊதியம் ஆகியவையே அங்குள்ள வாழ்க்கை. ஒவ்வொரு படியிலும் பலர் விடுவிக்கப்படுவர். மிகச் சிலரே உச்சியை அடைவர்.

ரிங்கு சிங் 2009இல் புளோரிடாவில் அடிப்படியில் தொடங்கினார். ஜூலை 13ஆம் நாள் ஓர் ஆட்டத்தின் வெற்றி அவர் பெயரில் பதிவாயிற்று. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 2010 இறுதியில் தினேஷ் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். உடன் வந்தவன் சென்றபின், அயல்நாட்டில் இந்தி பேசத் துணையின்றி ஆடிய ஆண்டுகளே ரிங்குவின் சிறந்த ஆண்டுகளாயின. 2012இல் மேற்கு வர்ஜீனியா பவர் அணிக்காக 39 ஆட்டங்களில் பந்தெறிந்தார். அதற்குமேல் மூன்று படிகள் இருந்தன. அவற்றையும் கடந்தால்தான் முதன்மை அணி.

அப்போது முழங்கை கைவிட்டது. விரைந்து எறியும்போது முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் பெரிதும் இழுபடுகிறது. எறியெறியெனத் தேய்ந்து ஒருநாள் கிழிகிறது. 1974இல் டாமி ஜான் என்னும் வீரருக்கு மருத்துவர் பிராங்க் ஜோப் இதற்கு ஒரு வழி கண்டார்: உடலின் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்துக் கிழிந்த நாருக்கு மாற்றாகப் பொருத்தினார். அச்சிகிச்சை இன்றும் அவ்வீரர் பெயராலேயே வழங்குகிறது. ரிங்குவுக்கும் அதுவே செய்யப்பட்டது. குணமடைய ஓராண்டுக்கு மேலாகும்; அவருக்கோ காயங்கள் தொடர்ந்தமையால் ஆண்டுகள் பல கழிந்தன. அவரது கதை திரையரங்குகளில் ஓடிய ஆண்டில் அவர் களத்தில் இல்லை.

முதன்மை அணிக்காக ஓர் ஆட்டத்திலும் அவர் பந்தெறியவில்லை. 2018 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.இ. என்னும் மற்போர் நிறுவனத்தில் சேர்ந்து, பின்னர் வீர் மஹான் என்னும் பெயரில் மேடையேறினார்.