வயல் மணலுக்குப் பணம் உண்டு, வீட்டுச் சேற்றுக்கு?

வெள்ளம் வடிந்த பிறகுதான் நம் தெருக்களில் வேலையே தொடங்குகிறது. சாய்ந்த மரம், இடிந்த மண்சுவர், செத்த ஆடு, கணுக்கால் அளவு சேறு. இவற்றை அள்ளிப்போட அரசு பணம் தருமா என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை. தருகிறது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி மாநிலத்துக்கென்று ஒரு பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. தமிழகத்துக்கு அதில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். பொது இடங்களில் இடிபாடுகளை அகற்றுவது, தேங்கிய தண்ணீரை வடிப்பது, செத்த கால்நடைகளை அப்புறப்படுத்துவது ஆகியவற்றுக்கு ஆன செலவை அந்த நிதியிலிருந்து எடுக்கலாம். இடிபாடு அகற்றுவதிலும் தண்ணீர் வடிப்பதிலும், வேலை தொடங்கிய 30 நாளுக்குள் ஆகும் செலவு மட்டுமே இதில் சேரும். தேவை எவ்வளவு என்பதைத் தலைமைச் செயலாளர் தலைமையிலான மாநில செயற்குழு முடிவு செய்யும்.

30 நாள் என்பதுதான் நமக்குச் சிக்கல். மெயின் ரோடு முதலில், ஊர்த்தெரு அடுத்து, நம் தெரு கடைசியில் என்று வரிசை போட்டால், பொக்லைன் நம் பக்கம் திரும்புவதற்குள் கெடு முடிந்துவிடும். நம் தெருவும் பொது இடம்தான். நிவாரணம் வழங்குவதில் சாதி பார்க்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 61-வது பிரிவு சொல்கிறது. (அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பொக்லைன் வரும் வரிசையும் மாற வேண்டும்.)

இன்னொன்றையும் கவனியுங்கள். 2022-26 விதிமுறைப்படி, வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. நிலம் வைத்திருப்பவருக்கு அது நியாயமான உதவிதான். ஆனால் நிலமில்லாத கூலித் தொழிலாளியின் வீட்டுக்குள் படிந்த சேற்றை அள்ளத் தனியாக ஒரு பைசா கிடையாது. குடிசை சேதமானால் 8,000 ரூபாய். இடிந்ததை அள்ளுவதும் புதிதாகக் கட்டுவதும் அதற்குள்தான்.

அள்ளுகிற கைகளும் பெரும்பாலும் நம்முடையவையே. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்துக்கும், 2015 வெள்ளத்தின்போது சென்னைக்கும் வெளியூர்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை அழைத்துப்போனார்கள். ஆன செலவு என்று அரசு கணக்கு எழுதும்போது அவர்களின் கூடுதல் கூலி, கையுறை, பூட்ஸ் எல்லாம் அதில் ஏற வேண்டும்.

சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள ரெட்டிபாளையம் வட்டாரத்தில் பொக்லைன் கிடைக்கவில்லை என்ற பதில் எடுபடாது. மழைக்கு முன்பே கிராம சபையில் நம் தெருக்களின் பெயர்களைத் தீர்மானமாக எழுத வைக்கலாம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான் என்பதால், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அவரிடமே மனு கொடுக்கலாம். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை: கடந்த மழையில் எந்தெந்தத் தெருவில் இடிபாடு அகற்றினார்கள், எந்தத் தேதியில், எவ்வளவு செலவில் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.