சாக்லேட் மழைக்கு அனுமதி தந்த தளபதி!

குட்டீஸ்... ராணுவம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? கட்டுப்பாடு தானே! மேலதிகாரி சொல்வதைத்தான் செய்ய வேண்டும். கேட்காமல் எதையாவது செய்தால் தண்டனை நிச்சயம். ஆனால், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு இளம் விமானி செய்த காரியத்தை, தண்டிக்காமல் தொடரச் சொன்னார் ஒரு தளபதி. அதனால், ஒரு நகரத்துக் குழந்தைகளுக்கு வானத்தில் இருந்து சாக்லேட் மழையே பெய்தது!

அந்த நகரம், ஜெர்மனியின் பெர்லின். 1945ல் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், தோற்றுப்போன ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகளும் பங்கு போட்டு நிர்வகித்தன. பெர்லின் இருந்தது சோவியத் பகுதிக்கு நடுவே. அந்த நகரத்தையும் நான்காகப் பிரித்துக் கொண்டனர்.

நாடுகளுக்குள் சண்டை முற்றியது. 1948 ஜூன் 24ம் தேதி, மேற்கு பெர்லினுக்குச் செல்லும் சாலை, ரயில், நீர்வழி எல்லாவற்றையும் அடைத்து விட்டது சோவியத் யூனியன். உள்ளே சிக்கிக் கொண்டவர்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்! மாவு, பால் பவுடர், நிலக்கரி எதுவும் உள்ளே வர முடியவில்லை. திறந்திருந்தது வான்வழி மட்டும்தான். அமெரிக்க, பிரிட்டன் விமானங்கள் இரவு பகலாக உணவையும், நிலக்கரியையும் சுமந்து பறக்கத் தொடங்கின.

ஜூலை மாதக் கடைசியில் இந்தப் பணிக்குத் தலைமையேற்றவர், அமெரிக்க விமானப்படையின் மேஜர் ஜெனரல் வில்லியம் டன்னர். இவருக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. உலகப் போரின்போது அசாமில் இருந்து இமயமலையைத் தாண்டி, சீனாவுக்குச் சரக்கு விமானங்களை அனுப்பும் பொறுப்பை 1944ல் ஏற்றவர் இவர்தான்.

டன்னர் மகா கண்டிப்பானவர். பெர்லினில் தரையிறங்கிய விமானத்தை விட்டு விமானிகள் எங்கும் நகரக் கூடாது. அவர்களுக்கான தின்பண்டம் விமானத்தின் அருகிலேயே வண்டியில் வரும். ஆகஸ்ட் 13ம் தேதி கடும் மழையில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி, தீப்பிடித்தது. மேலே ஏராளமான விமானங்கள் இறங்க வழியின்றி வட்டமடித்தன. அதில் ஒன்றில் டன்னரே இருந்தார். அதன்பின் புது விதி போட்டார். முதல் முயற்சியில் தரையிறங்க முடியாத விமானம், சரக்கோடு அப்படியே திரும்பிப் போய்விட வேண்டும்! மூன்று நிமிடத்துக்கு ஒரு விமானம் என்று கடிகாரம் போலப் பணி நடந்தது.

இப்படிப்பட்டவரின் படையில்தான் இருந்தார், லெப்டினென்ட் கெயில் ஹால்வர்சன். வயது 27.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், பெர்லினின் டெம்பல்ஹாஃப் விமான நிலையத்தைப் படம் பிடிக்கச் சென்றார் ஹால்வர்சன். கம்பி வேலிக்கு வெளியே சுமார் 30 குழந்தைகள் நின்று விமானங்களை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தனர். நெடுநேரம் பேசினர். ஆனால், ஒரு குழந்தை கூட அவரிடம், 'ஏதாவது கொடுங்கள்' என்று கை நீட்டவில்லை. அது அவர் மனதைத் தொட்டது.

அவர் சட்டைப் பையில் இருந்தது இரண்டே இரண்டு சூயிங்கம். அவற்றைப் பிய்த்துக் கொடுத்தார். கிடைக்காதவர்கள் சண்டை போடவில்லை. சுற்றியிருந்த காகிதத்தை வாங்கி, துண்டு துண்டாகக் கிழித்துப் பகிர்ந்து, வாசனை பிடித்து மகிழ்ந்தனர்!

நெகிழ்ந்து போன ஹால்வர்சன், மறுநாள் விமானத்தில் இருந்து எல்லாருக்கும் இனிப்பு போடுவதாக வாக்குக் கொடுத்தார். இத்தனை விமானங்களில் அவருடையது எது என்று எப்படித் தெரியும்? இறக்கைகளை ஆட்டிக் காட்டுவதாகச் சொன்னார்.

வாரா வாரம் அவருக்குக் கிடைத்த சாக்லேட் பங்கோடு, சக விமானிகளின் பங்கையும் சேர்த்தார். கைக்குட்டைகளில் நூல் கட்டி, குட்டி பாராசூட் செய்தார். வேலி அருகே இனிப்புகள் மிதந்து வந்தன. அடுத்தடுத்த வாரங்களிலும் இது தொடர்ந்தது. 'இறக்கை ஆட்டும் மாமா'வுக்கு, விமான நிலையத்தில் கடிதங்கள் குவிந்தன.

இதற்கெல்லாம் ஹால்வர்சன் அனுமதி வாங்கவே இல்லை!

விஷயம் பத்திரிகையில் வந்துவிட்டது. அவருடைய நேரடி மேலதிகாரி கூப்பிட்டுக் கோபமாகக் கடிந்து கொண்டார். தனக்குத் தெரியாமல் இப்படி நடந்திருக்கிறதே என்ற கோபம். 'தொலைந்தோம்' என்று நடுங்கினார் ஹால்வர்சன்.

ஆனால், செய்தி அதற்குள் டன்னருக்கும் போயிருந்தது. அவர் நினைத்திருந்தால், 'விதியை மீறினார்' என்று ஒரு வரி எழுதி, ஹால்வர்சனின் வேலைக்கே உலை வைத்திருக்கலாம். மூன்று வருடத்துக்கு முன்பு வரை எதிரி நாடாக இருந்த ஜெர்மனியின் குழந்தைகளுக்குத்தானே இந்த இனிப்பு? அப்படியும் யோசித்திருக்கலாம். கடிகாரமும் கையுமாக இருந்த அந்தத் தளபதி, இரண்டையும் செய்யவில்லை. பாராட்டுச் சொல்லி, தொடர்ந்து செய்யச் சொல்லிவிட்டார்!

ஒளித்துச் செய்த வேலை, செப்டம்பர் மாதத்தில் அதிகாரப்பூர்வப் பணியாகி விட்டது. அதற்கு, 'சின்னத் தீனித் திட்டம்' என்ற பொருளில் பெயரும் வைத்தனர். மற்ற விமானிகளும் சேர்ந்து கொண்டனர். அமெரிக்க மிட்டாய்த் தயாரிப்பாளர்கள் இனிப்புகளை அனுப்பினர். அங்குள்ள சிக்கோப்பி என்ற ஊரில் பள்ளிக் குழந்தைகள் பாராசூட் கட்டிக் கொடுத்தனர். மொத்தத்தில் சுமார் 23 டன் இனிப்பு, 2 லட்சத்து 50 ஆயிரம் குட்டி பாராசூட்களில் இறங்கியது!

இதனால் டன்னரின் பெரிய வேலை கெட்டுப் போனதா? இல்லவே இல்லை. 1949 ஏப்ரல் 16ம் தேதி, ஒரே நாளில் 1,398 முறை விமானங்கள் பறந்து, ஏறத்தாழ 13 ஆயிரம் டன் சரக்கைக் கொண்டு சேர்த்தன. மே 12ம் தேதி சோவியத் யூனியன் தடையை நீக்கியது.

பெர்லினில் ஒரு சிறுமி, 'எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வெள்ளைக் கோழிகள் இருக்கும். அங்கே போடுங்கள்' என்று ஹால்வர்சனுக்கு எழுதியிருந்தாள். மேலிருந்து கோழிகள் தெரியவில்லை. அதனால், தபாலில் இனிப்பு அனுப்பினார். 1970ல் அதே டெம்பல்ஹாஃப் விமான தளத்துக்கு அதிகாரியாக வந்தார் ஹால்வர்சன். வளர்ந்து பெரியவளாகி இருந்த அந்தச் சிறுமி, அவர் எழுதிய பதில் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வந்து காட்டினாராம்! 2022ல், 101 வயதில் ஹால்வர்சன் காலமானார்.

இரண்டு சூயிங்கம் தந்தது ஹால்வர்சனின் நல்ல மனசு. அது ஒரு நகரத்துக்கே போய்ச் சேரக் காரணம், டன்னர் சொன்ன, 'சரி!' நாளைக்கு நீங்களும் வகுப்புத் தலைவராகலாம், கலெக்டராகலாம், தளபதியாகலாம். விதிகளைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். கூடவே, யாராவது ஒரு நல்ல காரியத்தோடு உங்கள் முன் வந்து நின்றால், எப்படித் தடுக்கலாம் என்று பார்க்காமல், எப்படி வழி திறக்கலாம் என்று பாருங்கள். சரியா குட்டீஸ்!