மருந்துக்கு வழித்துணையாகும் பெப்டைடு

நேயர்களே, கிருமியைக் கொல்லும் மருந்து கையில் இருந்தும், கிருமி ஒளிந்திருக்கும் இடத்தை அது சென்றடையாத நிலை உண்டு. காசநோயை எடுத்துக்கொள்வோம். அந்நோய்க் கிருமியை நம் உடலின் காவலாளியாகிய விழுங்கணு பிடித்து விழுங்குகிறது. ஆயினும் கிருமி எப்போதும் மடிந்துவிடுவதில்லை. காவலாளியின் வயிற்றிலேயே குடியேறிவிடுகிறது! 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், வெளியே திரியும் கிருமியை அழிக்க வல்லது. விழுங்கணுவினுள் அது மிகச் சிறிதளவே புகும். ஐசோநியாசிட் போன்ற சில மருந்துகள் தாமே உட்புகவல்லவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தடையாக நிற்பது உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வு. உருவிற் பெரியவற்றையும் மின்னேற்றம் உடையவற்றையும் அது எளிதில் உள்ளே விடுவதில்லை.

இதனைக் கடக்கும் வழி எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. எய்ட்ஸ் நோயை விளைவிக்கும் எச்.ஐ.வி. வைரசின் 'டாட்' என்னும் புரதம், உயிரணுக்களுக்கு வெளியே இடப்பட்டாலும் தானே உட்புகுவதை 1988-இல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர். முழுப் புரதமும் வேண்டுவதில்லை. 9 அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டே போதும் எனப் பின்னர்த் தெரிந்தது. அவற்றுள் 6 ஆர்ஜினைன், 2 லைசின். இவை நேர்மின்னேற்றம் உடையவை. உயிரணுவின் மேற்பரப்போ எதிர்மின்னேற்றம் உடையது. ஆதலின் ஒட்டிக்கொள்ளுதல் எளிது. ஒட்டியபின் சிலவேளை சவ்வை நேரே ஊடுருவும். பலவேளை உயிரணுவே அதனைச் சிறு பையொன்றில் பொதிந்து உள்ளிழுத்துக்கொள்ளும்.

இத்தகைய குறுந்துண்டையே பெப்டைடு என்பர். மருந்தை இதனோடு பிணைத்துவிட்டால், இது புகுமிடத்தில் மருந்தும் புகும். புதிய ஊருக்கு வந்து, அவ்வூர் பழகிய ஒருவரின் துணையோடு வீடு தேடிய நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பாக்டீரியாவின் உறையையும் இவ்வாறு கடக்கலாம். 2001-இல் வெளியான ஆய்வொன்றில், ஈ. கோலி கிருமிக்கு இன்றியமையாத மரபணுவை முடக்கும் செயற்கை இழையைப் பெப்டைடு ஒன்றோடு இணைத்துச் செலுத்தினர். சோதனைக் கலத்தில் உடன் வளர்ந்த மனித உயிரணுக்கள் பிழைத்திருக்க, கிருமிகள் மட்டும் மடிந்தன.

எனினும் இம்முறை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே இருந்து வருகிறது. பெப்டைடு நல்ல உயிரணு, நோயுற்ற உயிரணு என்று பாராமல் எதிலும் புகுந்துவிடும். குருதியிலுள்ள நொதிகள் அதனை விரைவில் அறுத்துவிடும். நொதிகளை ஏமாற்றக் கண்ணாடி உருவம்போல் இடவலம் மாறிய அமினோ அமிலங்களைக் கொண்டு பெப்டைடை அமைக்கின்றனர்; இவற்றை நொதிகளால் எளிதில் அறுக்க இயலவில்லை. பையில் சிக்கிய மருந்தை வெளிக்கொணர்வதுதான் இன்னும் கடினமாயிருக்கிறது.